செடி வாங்குறதுக்கு முன்னாடி ஆளைப் பாருங்க: யாருக்கு எப்படித் தோட்டம் போடணும்னு ஒரு முழு வழிகாட்டி

திருச்சி பக்கம் வீட்டுத்தோட்டம் போட்டுக் குடுக்குற வேலை பண்றேன். போன் பண்றவங்க முதல்ல கேக்குறது "என்ன செடி வைக்கலாம்?"னுதான். நான் திருப்பிக் கேக்குறது, வீட்டுல யார் யார் இருக்காங்க, அதுல யார் அந்தத் தோட்டத்துக்குள்ள நடக்கப் போறாங்க, எந்த நேரத்துல? இதுக்குப் பதில் சொல்ல நிறைய பேருக்குக் கொஞ்ச நேரம் ஆகும், ஏன்னா அப்படி யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. ஆனா தோட்டம் அஞ்சு வருஷம் கழிச்சும் உயிரோட இருக்குமா இல்ல ரெண்டாவது கோடையிலயே காஞ்சு போய் வெறும் தொட்டியா கிடக்குமான்னு தீர்மானிக்கிறது அந்தப் பதில்தான்.

இதை நான் கத்துக்கிட்டது எங்க வீட்டுலயே. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ உக்காந்து எழுந்திரிக்க முடியாது, ஆனா கீரை பறிக்காம இருக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னு இடுப்பு உயரத்துக்குச் செங்கல் வச்சு மேடைப் பாத்தி கட்டினேன், பாக்க அழகா இருக்கணும்னு பாதைக்கு ஜல்லி கொட்டினேன். ஒரு வாரத்துல ஜல்லில கால் சறுக்கி விழுந்தாங்க, நல்லவேளையா சிராய்ப்போட போச்சு. பாத்தி சரியா இருந்துச்சு, ஆனா பாத்திக்குப் போற பத்தடி தூரத்தை நான் யோசிக்கவே இல்ல. அன்னிலேருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல பாதை, அப்புறம் உக்கார்ற இடம், அப்புறம் குழாய், கடைசியாத்தான் செடி. கீழ சொல்லப் போறது எல்லாமே அந்த வரிசைதான்.

முதல் வேலை: ஒரு வாரம் சும்மா பாருங்க

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. வீட்டுல இருக்குற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி, அவங்க வெளில வர்ற நேரம், எவ்ளோ நேரம் நிப்பாங்க, குனிய முடியுமா, ஒரு பக்கெட் தண்ணி தூக்க முடியுமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செடிக்குக் குடுக்க முடியும், இதெல்லாம் எழுதுங்க. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லணும். வாரத்துக்கு 2 மணி நேரம்தான் கிடைக்கும்னா அதுக்குத் தகுந்த மாதிரி 15 தொட்டி போதும், 60 தொட்டி வச்சா ஒரு மாசத்துல அது சுமையாயிடும்.

அதோட, வீட்டுக்கு அந்த இடம் ஏற்கெனவே என்னவா இருக்குன்னு பாருங்க. வாசல்ல கோலம் போடுற இடம், துணி காயுற கொடி, வண்டி திருப்புற இடம், சமையல்கட்டுப் பின்வாசல்ல பாத்திரம் கழுவுற கல், குழந்தைங்க பந்து அடிக்கிற சுவரு. இதையெல்லாம் நகர்த்திட்டுத் தோட்டம் போட்டா, மூணு மாசத்துல அதெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வந்துடும், செடி மிதிபடும். அதனால அதை அங்கயே விட்டுட்டு மிச்ச இடத்துல யோசிங்க.

வெயில் எங்க விழுதுன்னு குறிச்சு வைங்க, அதுவும் ரெண்டு சீசனுக்கு

காலை 8, மதியம் 12, சாயங்காலம் 4, இந்த மூணு நேரத்துலயும் நிழல் எங்க முடியுதுன்னு சுண்ணாம்பால தரையில கோடு போட்டுப் பாருங்க. காய்கறிக்குக் குறைஞ்சது 6 மணி நேரம் நேர் வெயில் வேணும், கீரைக்கு 3, 4 மணி நேரம் இருந்தாலே தாக்குப் பிடிக்கும், புதினா, ஓமவல்லி, வெற்றிலை இதெல்லாம் அரை நிழல்ல நல்லாவே வரும்.

நம்ம ஊர்ல நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. "வடக்குப் பக்கம் வெயிலே வராது"னு வடநாட்டு வீடியோ, வெளிநாட்டு வீடியோ பாத்துட்டுச் சொல்லுவாங்க. தமிழ்நாட்டுல அது முழுசா உண்மையில்ல. திருச்சிக்கு மேல சூரியன் சித்திரை ஆரம்பத்துல நேர் உச்சிக்கு வந்துட்டு அப்புறம் வடக்கே தாண்டிடும், ஆவணி ஆரம்பத்துலதான் திரும்ப உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலு மாசமும் வடக்குச் சுவருக்குத்தான் வெயில், தெற்குச் சுவரு அப்போ நிழல்ல இருக்கும். மார்கழில அப்படியே தலைகீழ், தெற்கே சாஞ்ச வெயில் பால்கனிக்குள்ள ஆழமா வரும். அதனால தெற்குப் பார்த்த பால்கனி இருக்கவங்க தக்காளி, கத்தரியை ஐப்பசிலேருந்து மாசி வரைக்கும் வைக்கிற மாதிரி பிளான் பண்ணுங்க. வடக்குப் பார்த்தவங்களுக்கு வைகாசி, ஆனில காலைலயும் சாயங்காலமும் சாய்வா வெயில் வரும், அந்த நேரத்துல நிழல்செடிங்க இலை கருகிப் போகும், கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கணும்.

தரையிலயே வரைங்க, நடந்து பாருங்க

பேப்பர்ல ஒரு கட்டம் ஒரு அடின்னு வரைஞ்சுக்கலாம், அது வேணும். ஒரு சென்ட்னா 435.6 சதுர அடி, ஒரு கட்ட நோட்டுப் பக்கத்துலயே அடங்கிடும். ஆனா பேப்பர்ல 2 அடிப் பாதை தாராளமா தெரியும், தரையில போட்டா கூடையைத் தூக்கிட்டு நடக்க முடியாது. அதனால நான் கோலமாவை எடுத்துட்டுப் போய் நிஜ அளவுக்கே தரையில வரைஞ்சுடுவேன். பாதை, பாத்தி, சேர் போடுற இடம், எல்லாம். அப்புறம் வீட்டுல வயசானவங்க யாரோ அவங்களைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லுவேன்.

எங்க அம்மா நடந்தப்போ நான் கவனிச்சது இது. திருப்பம் வர்ற இடத்துல அவங்க கோட்டு மேலயே கால் வைக்கல, உள்ள ஒரு முழம் வெட்டித்தான் போனாங்க, இடது கை எதையோ தேடுற மாதிரி காத்துல நீட்டி இருந்துச்சு. அந்த இடத்துல ஒரு பிடி வேணும்னு அப்போதான் புரிஞ்சுது. கோலமாவைக் கால்ல அழிச்சுட்டுத் திருப்பத்தை வளைவா மாத்தினேன், கை நீட்டின இடத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜிஐ பைப்பை நட்டேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை, சிமென்ட் போட்டதுக்கப்புறம் தெரிஞ்சிருந்தா உடைச்சுக் கட்டணும்.

பாதை, உக்கார்ற இடம், குழாய்

பாதை ஒரு ஆள் நடக்க 2½ அடி, ரெண்டு பேர் பேசிட்டே போக 4 அடி. வீல்சேர் போகணும்னா குறைஞ்சது 3 அடி, திருப்புற இடத்துல 5 அடிக்கு 5 அடி காலியா வேணும். சரிவு வைக்கிறப்போ 1 அடி ஏற 12 அடி நீளம் குடுக்கணும், இடம் பத்தலன்னு 6 அடில முடிச்சா தள்றவங்களுக்கும் கஷ்டம், உக்காந்திருக்கவங்களுக்கும் பயம். தரைக்குச் சொரசொரப்பான சிமென்ட் இல்ல பேவர் பிளாக். வழவழன்னு இருக்குற டைல்ஸை ஐப்பசி மழைல நெனச்சுப் பாருங்க, பாசி பிடிச்சா பெரியவங்க காலே வைக்க முடியாது.

உக்கார்ற இடம் ஒண்ணரை அடி உயரம், கைப்பிடி கட்டாயம். கைப்பிடி இல்லாத கல் பெஞ்சு போட்டோக்கு நல்லா இருக்கும், முட்டி வலிக்காரங்க உக்காந்தா எழுந்திரிக்க ஆள் வேணும். சாயங்காலம் 4 மணிக்கு நிழல் விழுற இடமா பாத்துப் போடுங்க, ஏன்னா பெரியவங்க வெளில வர்ற நேரம் அதுதான். முதுகுக்குப் பின்னாடி சுவரோ செடியோ இருக்கணும், முகம் வாசலைப் பாக்கணும். யார் வர்றாங்க போறாங்கன்னு தெரியலன்னா அங்க யாரும் உக்கார மாட்டாங்க, திண்ணைக்கு அவ்ளோ மவுசு இருந்ததே அதுக்குத்தானே.

குழாய், தூரத்துப் பாத்திலேருந்து 30 அடிக்குள்ள இருந்தா நல்லது. தண்ணி தூக்குறது சலிச்சுப் போய்தான் பாதித் தோட்டம் சாகுது. சொட்டுநீர் போட்டுட்டா இன்னும் நிம்மதி. மணிக்கு 4 லிட்டர் விடுற டிரிப்பர்னா 15 நிமிஷத்துல ஒரு தொட்டிக்கு 1 லிட்டர், இந்தக் கணக்கு மனசுல இருந்தா டைமர் வைக்கிறது சுலபம்.

இப்போ ஆளுக்கு ஆள் எப்படி மாத்தணும்னு பாப்போம்.

வயசானவங்களுக்கு

மேடைப் பாத்தின்னா நின்னு வேலை செய்யறவங்களுக்கு 2½ அடிலேருந்து 3 அடி உயரம், சேர்ல உக்காந்து செய்யறவங்களுக்கு 2 அடி போதும். வீல்சேர்னா சும்மா மேடை கட்டினா பத்தாது, முட்டி உள்ள போகணும், அதனால மேசை மாதிரி அடில காலியா விட்டு, தரைலேருந்து 2¼ அடிக்கு மேலதான் பாத்தியோட அடிப்பாகம் வரணும். மண் ஆழம் 8 இஞ்ச் இருந்தா கீரை, கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி வரைக்கும் வரும். அகலம் ஒரு பக்கம் மட்டும் கை எட்டும்னா 2 அடி, ரெண்டு பக்கமும் போக முடியும்னா 4 அடி. 4 அடிக்கு மேல கட்டினா நடுவுல இருக்குற களையை யாரும் பிடுங்க மாட்டாங்க.

என்ன நடலாம்னு அவங்களையே கேளுங்க. நாம ஆர்க்கிட், அடீனியம்னு யோசிச்சுட்டுப் போவோம், அவங்க கேக்குறது டிசம்பர் பூ, கனகாம்பரம், மருவு, பவளமல்லி. பவளமல்லி சாயங்காலம் விரிஞ்சு விடியக்காலைல தானா உதிர்ந்துடும், பறிக்கக் கை தூக்கவே வேண்டாம். மரத்தடில கழுவித் துடைச்ச சிமென்ட் தளம் ஒரு 6 அடிக்குப் போட்டு விட்டா, மண் ஒட்டாம பூ கிடைக்கும், கீழ குனிய முடியாதவங்க மரத்தடில ஒரு பழைய வேட்டியை விரிச்சு வச்சுட்டுக் காலைல நாலு முனையையும் சேர்த்து யாரையாவது எடுத்துத் தரச் சொல்லலாம்.

வயசாகும்போது கண்ணுல இருக்குற லென்ஸ் மஞ்சளாகும், அதனால நீலமும் ஊதாவும் மங்கலாத் தெரியும். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு பூ நல்லாத் தெரியும். படிக்கட்டு விளிம்புல மஞ்சள் பெயின்ட் 2 இஞ்சுக்கு ஒரு பட்டை அடிங்க, செடி வைக்கிறதை விட முக்கியமான வேலை அது.

பார்வை குறைஞ்சவங்களுக்கு

அமெரிக்காவுல புரூக்ளின் தாவரவியல் பூங்காவுல 1955லயே பார்வை இல்லாதவங்களுக்காகன்னு ஒரு வாசனைத் தோட்டம் போட்டாங்க, செடியைத் தொட்டு, மோந்து பாக்குற உயரத்துல மேடை கட்டி. அந்த யோசனையை நம்ம வீட்டுக்குக் கொண்டு வர்றது ஒண்ணும் பெரிய செலவில்ல, நம்மகிட்ட வாசனைச் செடிக்கா பஞ்சம்?

ஒரு வீட்டுல பாட்டிக்குக் கண்பார்வை ரொம்பக் குறைஞ்சு போச்சு, அதனால வெளில வர்றதையே விட்டுட்டாங்க. பின்வாசல்லேருந்து கிணத்தடி வரைக்கும் ஒரு பைப் கைப்பிடி போட்டோம், அதுல படி வர்ற இடத்துக்கு ரெண்டு அடி முன்னாடி தேங்காய்நார்க் கயிறை நாலு சுத்து சுத்தினோம், திருப்பத்துக்கு ஒரு சுத்து, உக்கார்ற இடத்துக்கு மூணு சுத்து. கைப்பிடியை ஒட்டி இடுப்பு உயரத்துல தொட்டி: முதல்ல துளசி, அடுத்து ஓமவல்லி, அப்புறம் மருவு, கடைசில திருநீற்றுப்பச்சிலை. முதல் நாள் பாட்டி ஓமவல்லி இலையைப் பறிக்கல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அந்த வெல்வெட்டு மாதிரி இருக்குற மேல்பக்கத்தை மெதுவாத் தேய்ச்சாங்க, விரலை மூக்குகிட்ட கொண்டு போனாங்க, "இங்கேருந்து துளசி பின்னாடி, அப்போ கிணறு இன்னும் அஞ்சு எட்டு"ன்னாங்க. நாங்க வாசனைக்குன்னு வச்ச தொட்டி அவங்களுக்கு மைல்கல்லா ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அந்தத் தொட்டிங்க இடம் மாறக் கூடாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் கண்டிஷன். செடி காஞ்சா அதே செடியை அதே இடத்துல வைக்கணும்.

மறதி நோய் இருக்கவங்களுக்கு

பாதை வட்டமா சுத்தி கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும், முட்டுச்சந்து இருக்கவே கூடாது. முட்டுற இடத்துல அவங்களுக்குத் திரும்பணும்னு தோணாது, பதட்டம் வந்துடும். தரையில கறுப்பு டைல்ஸ் பட்டை போடாதீங்க, அவங்க கண்ணுக்கு அது பள்ளமாத் தெரியலாம். கேட்டு சுவரோட நிறத்துலயே இருந்தா வெளில போகணும்ங்கிற எண்ணம் குறையும். விஷச்செடி ஒண்ணு கூட வேண்டாம், வாயில போட்டுக்குவாங்க.

குழந்தைங்களுக்கு

இங்க முதல் வேலை எதை எடுக்கணும்ங்கிறது. அரளி, அதுலயும் மஞ்சள் அரளியும் சேர்த்துத்தான், எல்லாப் பாகமும் விஷம். ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி, இதெல்லாம் பாக்க அழகா இருக்கும், குழந்தை கையில எடுக்கும். எருக்கும் கள்ளியும் உடைச்சா வர்ற பால் கண்ணுல பட்டா ஆபத்து. அரளியைச் சாமிக்கு வேணும்னு விட மாட்டாங்க சில வீட்டுல, அப்போ காம்பவுண்டுக்கு வெளிப்பக்கமோ கை எட்டாத இடத்துலயோ மாத்துங்க. தண்ணித் தொட்டி, தாமரைத் தொட்டி எதுவா இருந்தாலும் மேல கம்பி வலை. சின்னக் குழந்தைக்குச் சில இஞ்ச் தண்ணியே போதும் மூழ்க, இதுல சமாதானமே கிடையாது.

அடுத்தது பொறுமை. பெரியவங்க மூணு மாசம் காத்திருப்போம், அஞ்சு வயசுக் குழந்தைக்கு மூணு நாள்தான். அதனால வரிசையா வைங்க: பாசிப்பயறு ஈரத்துணில போட்டா ரெண்டாம் நாள் முளை, வெந்தயக்கீரை 3, 4 நாள்ல தலை நீட்டி 25 நாள்ல பறிக்கலாம், முள்ளங்கி ஒண்ணரை மாசம், வெண்டை 45 நாள்ல முதல் காய், சூரியகாந்தி ரெண்டு மாசத்துல பூக்கும், அப்போ அது குழந்தையை விட உயரமா நிக்கும். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒண்ணு நடந்துட்டே இருக்கணும்.

குழந்தைக்குன்னு தனியா 3 அடிக்கு 3 அடி இடம் குடுங்க, அதுல நீங்க கை வைக்காதீங்க. தினமும் தோண்டிப் பாக்கும், விதை முளைச்சுதான்னு பாக்க, பாக்கட்டும். நாலு மூங்கிலை மேல ஒண்ணாக் கட்டிக் கூடாரம் மாதிரி நிறுத்தி, சுத்தி அவரையோ சங்குப்பூவோ ஏத்தி விட்டா உள்ள ஒரு வீடு கிடைச்சுடும் அவங்களுக்கு. சங்குப்பூவைச் சுடுதண்ணில போட்டா நீலம், அதுல எலுமிச்சை பிழிஞ்சா ஊதா, எந்தக் குழந்தையும் இதை ஒரு தடவையோட விட்டதில்ல.

வண்ணத்துப்பூச்சி வேணும்னா பூ மட்டும் வச்சா போதாது, அது முட்டை வைக்கிற செடி வேணும். கறிவேப்பிலைலயும் எலுமிச்சைலயும் பறவை எச்சம் மாதிரி ஒரு சின்னப் புழு இருக்கும், வளர்ந்தா பச்சையாயிடும், அதுதான் பின்னாடி பெரிய வண்ணத்துப்பூச்சியா வரும். நிறைய வீட்டுல மருந்து அடிச்சுக் கொன்னுடுறாங்க. சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை, புழுவுக்கு ஒரு கறிவேப்பிலைன்னு ரெண்டு வைங்க. தமிழ்நாட்டுக்குன்னு மாநில வண்ணத்துப்பூச்சி இருக்கு, தமிழ் மறவன், 2019ல அறிவிச்சாங்க, அதை உங்க குழந்தைக்குச் சொல்லிக் குடுங்க.

சமையலுக்காகப் போடுறவங்களுக்கு

இதுல ஆசை பெருசா இருக்கும், இடம் சின்னதா இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு மொத்தக் காய்கறியும் வீட்டுலயேன்னு ஆரம்பிக்காதீங்க, கீரைல ஆரம்பிங்க. 3 அடிக்கு 3 அடில நாலு பாத்தி, வாரம் ஒரு பாத்தில முளைக்கீரை விதைங்க. நாலாவது பாத்தி விதைக்கும்போது முதல் பாத்தி பறிக்கிற பருவத்துக்கு வந்துடும், அப்புறம் வாராவாரம் கீரை நிக்காது. அரைக்கீரைனா வேரோட பிடுங்காம அறுத்து அறுத்து எடுக்கலாம், வேலை இன்னும் குறைச்சல்.

பின்வாசல்ல பாத்திரம் கழுவுற தண்ணி போற இடத்துல வாழை, கல்வாழை, சேம்பு. நம்ம பாட்டிங்க எல்லாரும் இதைத்தான் பண்ணாங்க, அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு வாழை தள தளன்னு நிக்கும். வாஷிங்மிஷின் தண்ணியை மட்டும் விடாதீங்க, சோப்புத்தூள் உப்பு மண்ணைக் கெடுத்துடும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் அடுப்புலேருந்து 20 அடிக்குள்ள இருக்கணும், தாளிக்கிறப்போ ஓடிப் போய்ப் பறிக்கிற தூரம். முருங்கைக்கு பெரியகுளத்துல உருவாக்கின பிகேஎம் 1ங்கிற ரகத்து விதை ஆறு மாசத்துல காய்க்கு வந்துடும், ஆனா கிளை காத்துல சட்டுனு ஒடியும், கார் நிறுத்துற இடத்துக்கும் உக்கார்ற இடத்துக்கும் மேல வர்ற மாதிரி வைக்காதீங்க. தென்னைக்கும் அதேதான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு சொல்றது சும்மா இல்ல, ஆடில விதைச்சா வேர் பிடிச்ச செடிக்கு மழை கிடைக்கும். முதல் தடவை தோட்டம் போடுறவங்க சித்திரைல ஆரம்பிச்சு வெயில்ல தோத்துட்டு "எனக்குக் கை ராசி இல்ல"ன்னு விட்டுடுறாங்க. ராசியெல்லாம் ஒண்ணுமில்ல, மாசம்தான் தப்பு. ஆடி இல்லன்னா தை.

மாடியில போடுறவங்க எடையைக் கணக்குப் போடுங்க

ஒரு கன அடி ஈர மண் 45லேருந்து 50 கிலோ வரும். மொட்டைமாடி பொதுவா சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்குற கணக்குலதான் டிசைன் பண்றாங்க, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ கிட்ட. அப்போ மாடி முழுக்க ஒரு அடி மண்ணைப் பரப்புறதுன்னா மூணு மடங்குக்கு மேல சுமை. பெரிய தொட்டியெல்லாம் அடியில சுவரு, பீம் போற கோட்டு மேல வைங்க, நடுவுல காலியா விடுங்க. மண்ணை மட்டும் போடாம செம்மண் ஒரு பங்கு, தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்குன்னு கலந்தா எடை நல்லாக் குறையும். பழைய கட்டடம்னா இன்ஜினியரைக் கேக்காம ஒரு மூட்டை கூட ஏத்தாதீங்க. பைகளைச் செங்கல் மேலயோ ஸ்டாண்டு மேலயோ வைங்க, தளம் ஈரமாவே இருந்தா கீழ் வீட்டு சீலிங் ஊறும்.

வேலைக்குப் போற ரெண்டு பேர், சின்ன பால்கனி

இவங்க தோட்டத்தைப் பாக்குறதே ராத்திரி 8 மணிக்குத்தான். அதனால இவங்களுக்கு இருட்டுல தெரியுற தோட்டம். வெள்ளைப் பூவா நந்தியாவட்டை, குண்டுமல்லி. மல்லி மொட்டு சாயங்காலத்துக்கு மேல விரியும், வேலை முடிஞ்சு கதவைத் திறக்கும்போது வாசம் அடிக்கும். கார்த்திகைக் கடைசில தரைலேருந்து ஒண்ணரை அடி விட்டு மேல இருக்குற கிளையை வெட்டி, அதாவது கவாத்து பண்ணா பங்குனிலேருந்து பூத்துக் குலுங்கும். மஞ்சள் வெளிச்சத்துல ஒரே ஒரு சின்ன லைட், ரெண்டு பேர் உக்கார்ற இடம், டைமர் வச்ச சொட்டுநீர், எட்டு பத்து தொட்டி, அவ்ளோதான். வாடகை வீடுன்னா எல்லாமே ஒரு ஆள் தூக்குற எடைல, 12 இஞ்சுக்கு மேல தொட்டி வேண்டாம், வீடு மாறும்போது செடியை விட்டுட்டுப் போற வேதனை பெரிய வேதனை.

படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு

இதை யாரும் கேக்க மாட்டாங்க, நானே கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். ரோஜர் உல்ரிச்ங்கிறவர் 1984ல ஒரு ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 46 பேரோட ரெக்கார்டை எடுத்துப் பாத்தார், பாதிப் பேருக்கு ஜன்னல்ல மரம் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவரு. மரம் தெரிஞ்சவங்க சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வீரியமான வலி மருந்தும் குறைச்சலாத்தான் தேவைப்பட்டுச்சு. வீட்டுல படுத்திருக்கவங்களுக்கு நாம பண்ண வேண்டியது, அந்தக் கட்டில்ல நாமளே ஒரு தடவை படுத்து, தலையணைல தலை வச்சு ஜன்னலைப் பாக்கணும். நிக்கும்போது தெரியுறது வேற, படுத்தா தெரியுறது வேற. படுத்தா தெரியுற உயரத்துல ஒரு செடி, அசையுற இலையா இருக்கணும், வாழையோ மூங்கிலோ. பக்கத்துல அகலமான மண்சட்டில பறவைக்குத் தண்ணி. குருவி வந்து குளிக்கிறதைப் பாத்துட்டே ஒரு காலைப்பொழுது போயிடும் அவங்களுக்கு.

எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவா

தொட்டிக்கு அடில தட்டு வச்சா வாரம் ஒரு தடவை கவிழ்த்து, தேய்ச்சுக் கழுவுங்க. டெங்கு கொசுவோட முட்டை தட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட ஒட்டிட்டு இருக்கும், தண்ணியைக் கொட்டினா மட்டும் போகாது. அல்லித்தொட்டில கப்பி மீன் நாலு விடுங்க, புழுவை அது பாத்துக்கும். மனோரஞ்சிதம், மல்லி வாசத்துக்குப் பாம்பு வரும்னு பயந்து வைக்காம இருக்கீங்கன்னா, பாம்பு வர்றது எலிக்கும் தவளைக்கும்தான். புதரோட அடிக்கிளையை ஒரு அடி உயரத்துக்கு வெட்டித் தரை தெரியுற மாதிரி வச்சுக்கோங்க, விறகு, ஓடு, உடைஞ்ச தொட்டி இதையெல்லாம் மூலைல குவிக்காதீங்க. நாய் இருக்குற வீட்டுல காம்பவுண்டை ஒட்டி ஒண்ணரை அடி காலியா விட்டுடுங்க, அது ரோந்து போற பாதை, அதுல என்ன நட்டாலும் நிக்காது.

ஆலு, அரசு வீட்டுகிட்ட வேண்டாம். வேம்பு வைங்க, ஆனா சுவருலேருந்து 15 அடியாவது தள்ளி, செப்டிக் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வேலை வரிசை

ஆனி மாசம் கோலமாவு போட்டு நடந்து பாருங்க, பாதையும் பைப்பும் முடிங்க. ஆடில மண் நிரப்பிக் கீரையும் காயும் விதைங்க. மரக்கன்னு, புதர்ச்செடி எல்லாம் புரட்டாசில, வடகிழக்கு மழை வர்றதுக்குச் சரியா முன்னாடி. ஒரே நேரத்துல எல்லாத்தையும் நட்டு நிரப்பாதீங்க, மூணுல ஒரு பங்கு காலியா இருக்கட்டும். ஒரு மூணு மாசம் கழிச்சுப் பாருங்க, வீட்டு ஆளுங்க நீங்க போட்ட பாதைல போகாம வேற எங்கயாவது குறுக்கே போய் மண்ணுல ஒரு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்துல வேலி போடாதீங்க, கல்லு பதிங்க, அதுதான் நிஜமான பாதை.

எங்க வீட்டுல ஜல்லியை அள்ளிட்டுச் சொரசொரப்பான சிமென்ட் போட்டு நாலு வருஷமாச்சு. அம்மாவோட சேர் இப்போ பவளமல்லிக்கு மேற்கால இருக்கு, காலை வெயிலுக்கு மரமே நிழல் குடுத்துடும். மார்கழி வந்தா "குளிருதுடா, வெயில்ல போடு"ம்பாங்க, அதுக்காகக் கிழக்குச் சுவரோரமா இன்னொரு 4 அடிக்கு 4 அடித் தளம் போட்டு, அது வரைக்கும் பைப்பையும் நீட்டி வச்சிருக்கேன்.